"யாழ்ப்பாணமா, இந்தியாவா?": மலையகத் தமிழரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கையின் மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஸ்டோரில் வேலை பார்த்தார். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். படிப்புக்காகச் சென்னையில் நாலு வருடம் இருந்தேன். அப்புறம் வேலைக்காகக் கொழும்புக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் என்னை எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பெண் என்றே நினைத்தார்கள். கொழும்பில் பலருக்கு நான் இந்தியத் தமிழ். இரண்டையும் திருத்தித் திருத்திச் சொன்னதில் கொஞ்சம் அனுபவம் சேர்ந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வெளியே படிக்கப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டவை, மற்றவர்கள் எங்களிடம் கேட்பவை, இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மலையகத் தமிழர் என்றால் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வெள்ளைக்காரர்கள் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கும் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்து, அங்கேயே தலைமுறைகளாக வாழ்கிறவர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அதிகம் இருக்கிறோம். காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கத் தோட்டங்களிலும் ஆட்கள் உண்டு. கலவரங்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போய்க் குடியேறியவர்களும் நிறையப் பேர். ஆகவே "மலையகம்" என்பது மலையை மட்டும் குறிப்பதில்லை. அந்தத் தோட்ட வரலாற்றிலிருந்து வந்த மக்கள் எல்லோரையும் குறிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலானோர் இன்று தோட்ட வேலையில் இல்லை. ஆசிரியர், தாதி, கடைக்காரர், கொழும்பில் ஹோட்டல் வேலை, வெளிநாட்டு வேலை என்று பல வழியில் போய்விட்டார்கள். கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணின் படம் மட்டும் எங்கள் அடையாளம் ஆகாது.

சென்னையில் "சிலோனா? அப்போ யாழ்ப்பாணமா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"இல்லை, நான் மலையகம். அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம்." இவ்வளவு போதும். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று.

முதல் வருடம் நான் செய்த தவறு, எல்லாவற்றையும் ஒரேயடியாக விளக்கப் பார்த்தது. வாடகைக்கு அறை பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மா கேட்டார். நான் 1948, குடியுரிமைச் சட்டம் என்று ஆரம்பித்தேன். அவர் கையில் பால் பாத்திரத்தோடு நின்றார். பால் பொங்குகிற நேரம். பாவம், அவருக்கு அறைக்கு முன்பணம் எப்போது கொடுப்பேன் என்று தெரிந்தால் போதும். கடைசியில் "சரிம்மா, இலங்கைதானே" என்று முடித்துக்கொண்டார்.

இப்போது நான் இடத்தையும் வேலையையும் சேர்த்துச் சொல்கிறேன். "தேயிலைத் தோட்டம்" என்ற சொல் உடனே கேட்பவர் மனதில் ஏறும். ஊட்டி, வால்பாறை பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. "ஓ, அங்கேயும் நம்ம ஆளுங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். வந்தால் மீதியைச் சொல்லுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர்கள் தலையில் "மலையகம்" என்ற ஒரு சொல் விழுந்திருக்கிறது, அன்றைக்கு அது போதும்.

"இலங்கைத் தமிழ் பேசிக் காட்டுங்க" என்கிறார்கள். நான் பேசினால், "இது நம்ம தமிழ் மாதிரியே இருக்கே" என்று நம்ப மறுக்கிறார்கள்.

தமிழ்நாட்டு மக்கள் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கேட்டது பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சு. "ஓம்", "கதைக்கிறது", "என்ன செய்யிறியள்" எல்லாம் அங்கே உள்ளவை. நாங்கள் "ஆமா" என்போம், "பேசுறது" என்போம். எங்கள் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். பேச்சும் அதன்படிதான் இருக்கும்.

ஆனால் அது அப்படியே தமிழ்நாட்டுத் தமிழும் இல்லை. எனக்கு இந்தப் பேச்சு மேல் தனிப் பாசம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோட்டத்து ஆட்கள் வாழும் வரிசை வீடுகள்தான் லயம். எங்கள் லயத்தில் அறைக்குக் காம்பரா என்று பெயர். முன்னால் உள்ள சின்னத் திண்ணை இஸ்தோப்பு. காம்பரா போர்த்துக்கீசியரிடமிருந்தும் இஸ்தோப்பு ஒல்லாந்தரிடமிருந்தும் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் வாய்க்கு வந்தவை. அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா. காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்கள் கூடுவது பெரட்டு. தேயிலை நட்டிருக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை, "இன்னைக்கு எந்த மலையில கொழுந்து?" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள் முழுக் கூலி கிடைத்தால் "பேர் விழுந்திச்சு". பாதிக் கூலி என்றால் "அரைப் பேர்". பால் விடாத தேநீர் சாயத் தண்ணி.

யாராவது "பேசிக் காட்டு" என்றால் யாழ்ப்பாணப் பேச்சை நடித்துக் காட்டாதீர்கள். நான் ஒரு தடவை செய்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று இரவு அம்மாவோடு போனில் பேசும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என் அம்மா பேசும் தமிழை ஒளித்துவிட்டு வேறு யாருடைய தமிழையோ போட்டுக்கொண்டது போல. பேசிக் காட்ட வேண்டும் என்றால் அரைப் பேர் என்றால் என்னவென்று சொல்லுங்கள்.

இலங்கைக்குள்ளேயே மற்றத் தமிழர்கள் தவறாகப் புரிந்துகொண்டால்?

இதுதான் அதிகம் வலிக்கும். வெளியாள் தெரியாமல் கேட்பது ஒரு விதம், சொந்த நாட்டுத் தமிழர் கேட்பது இன்னொரு விதம்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம். கூட வேலை செய்யும் தோழியின் அக்காவுக்குத் திருமணம். பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, பட்டுச் சேலை, நல்ல மனுஷி, என் தட்டில் வடை வைத்துக்கொண்டே கேட்டார்:

"பிள்ளை எந்த ஊர்?"

"அட்டன் பக்கம், அம்மா."

"அட்டனோ? அங்க ஆர் உங்கட ஆக்கள்? அப்பா பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவரோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் மலைநாட்டுக்கு வேலைக்கு வந்து இருந்த காலம் உண்டு. கல்யாணத்துக்கு ஒழுங்காக உடுத்தி வந்த பெண் என்றால் அந்தக் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். நான் சொன்னேன்: "இல்லை அம்மா, நாங்கள் தோட்டத்து ஆட்கள்தான். அம்மா கொழுந்து எடுத்தவ." அவர் முகம் மாறவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நொடி மாறியது. பிறகு "கெட்டிக்காரி, நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்றார். அவர் பாராட்டுவதாகத்தான் சொன்னார். அந்தப் பாராட்டுக்குள் ஒரு ஆச்சரியம் இருந்தது. அந்த ஆச்சரியம்தான் பிரச்சினை.

நான் சிரித்துவிட்டுச் சொன்னேன், "எங்கள் லயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர் நிறைய இருக்கிறார்கள் அம்மா. பள்ளிக்கூடம்தான் தூரம்." அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவப் போகும்போது என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

இப்படி நேரும்போது குரலை உயர்த்தாமல் உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். "தோட்டம்" என்ற சொல்லை விழுங்காதீர்கள். நாம் விழுங்கினால் அது வெட்கப்பட வேண்டிய சொல் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

பிறப்புச் சான்றிதழிலேயே "இந்தியத் தமிழர்" என்று இருக்கிறது. அப்புறம் ஏன் அந்தப் பெயர் வேண்டாம் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் வரலாறு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

1911 மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலிருந்து இலங்கையில் தமிழர்களை இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள்: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர். அப்போதே எங்களில் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். காகிதத்தில் விழுந்த அந்தப் பிரிவு பின்னால் பெரிய ஆயுதமாயிற்று.

1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இங்கே பிறந்தவர் என்று காகிதத்தோடு காட்ட வேண்டும் என்றார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்தார்கள்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. இந்தச் சட்டத்தை ஒட்டி எழுந்த பிளவில்தான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பிறகு 1964 அக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டன. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த கடைசி ஆட்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்க 2003இல்தான் சட்டம் வந்தது. 1948இலிருந்து எண்ணிப் பாருங்கள், 55 வருடம்.

ஆகவே "இந்தியத் தமிழர்" என்ற பெயர் எனக்கு வெறும் பெயராகக் கேட்பதில்லை. அதற்குள் "நீ இங்கே உள்ளவள் இல்லை" என்ற பொருள் இருக்கிறது. என் தாத்தாவுக்கு ஏன் வாக்கு இல்லை என்பதற்கு அந்தப் பெயர்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. இந்தியா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெயரை வைத்து நடந்தது எனக்கு மறக்கவில்லை.

"மலையகத் தமிழர்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

முன்பு "மலைநாட்டுத் தமிழர்" என்பார்கள். 1960களில் அட்டன் பக்கத்துப் படித்த இளைஞர்களும் ஆசிரியர்களும், இர. சிவலிங்கம் போன்றவர்கள், மலையகம் என்ற உணர்வை வளர்த்தார்கள். கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அரசு கொடுத்த பெயரை விட்டு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் இது. 2024 கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்பதோடு "மலையகத் தமிழர்" என்ற பெயரும் சேர்ந்து வந்தது. எனக்கு அது பாதி மகிழ்ச்சி. பழைய பெயர் முழுதாகப் போகவில்லையே.

இன்னொரு விஷயம். கணக்கெடுப்பில் எங்கள் எண்ணிக்கை 1953இல் 9,74,000க்கு மேல், 2012இல் சுமார் 8,40,000. நாட்டின் மக்கள் தொகை சுமார் இரண்டரை மடங்காகப் பெருகியபோது எங்கள் எண் குறைந்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது பெரிய காரணம். இன்னொரு காரணம், பயத்திலும் சலிப்பிலும் எங்கள் ஆட்கள் பலர் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு செய்யும்போது, "நாளைக்கு இவனையும் கப்பல் ஏற்றிவிட்டால்?" என்ற பயம் ஒரு தகப்பனுக்கு வரத்தான் செய்யும்.

சரி, ஆனாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தானே?

ஆமாம், வந்தவர்கள். அதை மறைக்க வேண்டியதே இல்லை. பெருமையாகவே சொல்லலாம். இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். முதலில் காப்பி. 1869இல் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்து அந்தத் தொழில் மெல்ல அழிந்தது. அதற்கு முன்பே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். புத்தகத்தில் டெய்லர் பெயர் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள் பெயர் இல்லை.

1823ஐத் தொடக்கமாக வைத்து 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்தார்கள். ஜூலைக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட்டில் மாத்தளைக்குப் போய்ச் சேரும்படி, முன்னோர் வந்த அதே திசையில் ஒரு நடைபயணம் நடந்தது. வடக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பலரும் கூட நடந்தார்கள்.

"வந்தவர்கள்" என்பது உண்மை. "அதனால் இங்கே உள்ளவர்கள் இல்லை" என்பது பொய். 200 வருடம் ஒரு மண்ணில் பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, அந்த நாட்டுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்தவர்களை வேறு எந்த நாட்டுக்காரர் என்று சொல்வது?

ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள் இப்போது யார்?

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அரசு அவர்களைத் "தாயகம் திரும்பியோர்" என்றது. ஊர்க்காரர்கள் "சிலோன்காரங்க" என்றார்கள். இலங்கையில் இந்தியன், இந்தியாவில் சிலோன்காரன். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு டேன்டீ தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது.

நான் படிக்கும்போது ஒரு விடுமுறைக்குக் குன்னூர் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. "ஒரு சாயத் தண்ணி" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்: "எந்தத் தோட்டம்?"

நான் அதுவரை சென்னையில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா?" என்றார். தோட்டத்தின் பிரிவுக்கு டிவிஷன் என்று பெயர். பொகவந்தலாவையில் பிறந்தவராம். பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, அங்கிருந்து நீலகிரி. லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரம் இன்னும் இருக்குமா என்று கேட்டார். நான் அவருடைய தோட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் "இருக்கும் பாட்டி" என்றேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையக வம்சம். அவர்களை எல்லோரும் யாழ்ப்பாணத்து அகதிகள் என்றே எண்ணுகிறார்கள். முகாமில் வேலை செய்பவர்கள், எழுதுபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

"தோட்டக்காட்டான்" என்று திட்டுகிறார்கள். அதற்குப் பதில் உண்டா?

அது தெரியாமல் சொல்லும் சொல் இல்லை. தெரிந்தே சொல்வது. ஆகவே விளக்கம் கொடுத்துப் பயனில்லை. "அப்படிச் சொல்லாதீர்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். வகுப்பறையிலோ வேலையிடத்திலோ என்றால் பொறுப்பில் உள்ளவரிடம் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். நான் படித்த இடத்தில் ஒருவர் சொன்னபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு தோட்டத்துப் பையனும் அதைக் கேட்டான்.

யாராவது கேட்டால் "கண்டி" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இது தவறா?

தவறு இல்லை. நானும் செய்திருக்கிறேன். சோதனைச் சாவடியில், இரவு பஸ்ஸில், முன்பின் தெரியாதவர் துருவிக் கேட்கும்போது நம் பாதுகாப்புத்தான் முதலில். எல்லோருக்கும் எல்லாம் சொல்லும் கடமை நமக்கு இல்லை.

ஆனால் நாலைந்து வருடம் பழகிய நண்பரிடமும் கண்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் தோழி ஒருத்தி அப்படித்தான் இருந்தாள். அவளைப் பார்க்க அப்பா வந்தபோது விடுதி வாசலிலேயே பேசி அனுப்பினாள். அவர் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த தேங்காய் ரொட்டியும் சம்பலும் ஆறிப்போயிருந்தன. அதை எங்கள் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டாள். அடுத்த மாதம் அவர் வந்தபோது உள்ளே கூட்டி வந்தாள்.

தமிழ்நாட்டில் "பூர்வீகம் எந்த ஊர்?" என்று விடாமல் கேட்கிறார்கள்.

சில நேரம் அது உண்மையான அக்கறை. பல நேரம் சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி. "தாத்தாவின் தாத்தா திருச்சிப் பக்கம், நாங்கள் நாலு தலைமுறையாக இலங்கை" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்கு மேல் "என்ன ஆளுங்க?" என்று வந்தால், "அதைச் சொல்வதில்லை" என்பதே முழுப் பதில். காரணம் சொல்லத் தேவையில்லை.

பூர்வீக ஊர் எங்களுக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய பற்றுச்சீட்டு, இந்தியக் கடவுச்சீட்டு, ஒப்பந்தக் காலத்து விண்ணப்பங்கள், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, இவற்றில் கிராமம், தாலுகா பெயர் இருக்கக்கூடும். எழுத்து மாறியிருக்கும். வெள்ளைக்காரரோ எழுதுவினைஞரோ காதில் விழுந்தபடி எழுதியது. சத்தமாக வாசித்துப் பார்த்தால் ஊர் பிடிபடும்.

ஆவணம் இல்லை என்றால் குலசாமி பெயர், எந்தக் கங்காணியின் ஆட்களாக வந்தோம் என்பது, இரண்டையும் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆள் சேர்த்துக் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்களையே கூட்டி வந்தார்கள். ஒருவர் ஊர் தெரிந்தால் மற்றவர் ஊரும் தெரியவரும். இப்போதே கேளுங்கள். என் அப்பாயியிடம் நான் கேட்கத் தொடங்கியபோது அவருக்கு ஞாபகம் போய்விட்டிருந்தது. ஆற்றங்கரை, ஒரு பெரிய ஆலமரம், அவ்வளவுதான் சொன்னார். அதுவும் அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது.

கிடைக்காவிட்டால்? நமக்கு ஊர் இல்லாமல் போய்விடவில்லை. பிறந்த தோட்டம் இருக்கிறது.

தோட்டத்து வாழ்க்கையில் கஷ்டத்தைத் தவிரப் பண்பாடு என்று சொல்ல என்ன இருக்கிறது?

மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக்கு வாருங்கள். காமன் கூத்து நடக்கும். அமாவாசைக்குப் பிறகு காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஊன்றிய நாளிலிருந்து தோட்டமே விரதம் மாதிரி இருக்கும். கடைசி இரவு விடிய விடிய தப்பு அடிக்கும். ரதியும் மதனும் தலையில் கிரீடத்தோடு ஆடுவார்கள். ரதி வேடம் கட்டுவது ஆண்தான். எங்கள் டிவிஷனில் ரதி கட்டியவர் பகலில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். சாமம் தாண்டி, சிவன் நெற்றிக்கண் திறந்து மதனை எரித்ததும் அவர் ஒப்பாரி வைப்பார். லயத்துப் பெண்கள் எல்லோரும் அழுவார்கள். என் அம்மா காலையில் கொழுந்தெடுத்த கை, கறை போகாத விரல், அந்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொள்வது இன்னும் எனக்குத் தெரிகிறது. அப்புறம் மதனை எழுப்புவார்கள். விடிந்ததும் பெரட்டுக்குப் போவார்கள்.

பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு கூத்துகளும் உண்டு. கொங்கு நாட்டில் உள்ளவர்கள் பொன்னர் சங்கர் கதை எங்கள் தோட்டத்தில் ஆடப்படுகிறது என்று கேட்டு வியப்பார்கள். படியுங்கள், பாருங்கள், முடிந்தால் போனில் பதிந்து வையுங்கள். யார் நீ என்று கேட்பவரிடம் ஒரு நிமிடக் காணொளியைக் காட்டுவது அரை மணி நேரம் பேசுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. நான் செய்து பார்த்திருக்கிறேன்.

பிள்ளை பள்ளியில் "நீ இந்தியாவா?" என்று கேட்கப்பட்டு வந்து அழுகிறது.

பிள்ளைக்கு 1948 வேண்டாம். "நம்ம பாட்டிக்குப் பாட்டி கடல் தாண்டி நடந்தே வந்தாங்க. இந்த மலையெல்லாம் தேயிலை ஆக்கினது அவங்கதான். நாம மலையகம்." இவ்வளவு சொல்லிக்கொடுங்கள். வரைபடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பிள்ளையின் விரலைப் பிடித்துக் கோடு போட வையுங்கள். என் அக்கா மகன் அந்தக் கோட்டைப் பள்ளிக்கூடக் கொப்பியில் வரைந்து கொண்டுபோய் வகுப்பில் காட்டினான். ஆசிரியர் அதைச் சுவரில் ஒட்டினார்.

நான் மலையகத்தைச் சேர்ந்தவர் இல்லை. தெரியாமல் ஒருவரிடம் தவறாகக் கேட்டுவிட்டேன். என்ன செய்ய?

"மன்னிக்கணும், தெரியவில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். நீண்ட மன்னிப்பு கேட்டால் அப்புறம் உங்களை ஆறுதல்படுத்தும் வேலை எங்களுக்கு வந்துவிடும். "நாமெல்லாம் தமிழர்தானே, என்ன வித்தியாசம்?" என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒருவர் இப்போதுதான் தன் ஊரைச் சொல்லியிருக்கிறார், அதை உடனே அழித்துவிடுவது போல ஆகும்.

அப்புறம் அந்தக் குன்னூர்ப் பாட்டி என்னிடம் கேட்டதையே கேளுங்கள்: எந்தத் தோட்டம்? பெயர் தெரிந்த தோட்டமாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் சொல்லத் தொடங்கிவிடுவோம். எந்த டிவிஷன், லயம் ஆற்றுக்கு மேலேயா கீழேயா, மழை எந்த மாதம் பிடிக்கும், பள்ளிக்கூடத்துக்கு எந்த மலை வழியாக இறங்கிப் போனோம் என்று எல்லாம் வரும். கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.